ரெண்டரை யூனிட்டில் லடாக்

நெய்வேலி டவுன்ஷிப்பில் அறுபது வயது முடிந்தால் குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். அதற்குள் வாசலில் வைத்த முருங்கை, பின்பக்கத்துக் கறிவேப்பிலை, எதிர்வீட்டு நட்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வடலூருக்கோ பண்ருட்டிக்கோ கடலூருக்கோ வண்டி ஏற வேண்டும். சென்னையில் மகன் வாங்கிய ஃபிளாட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. இந்த ஊருக்கு வீடு மாறுவது புதிதல்ல. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு, விருப்பம் இருந்தோ இல்லாமலோ கிராமத்தோடு இடம் பெயர்ந்தவர்கள் சுற்றுவட்டாரத்தில் நிறைய பேர்.

சாவி கொடுக்கும் அந்த மாதத்தில்தான் சிலருக்கு யூடியூபில் ஒரு வீடியோ கண்ணில் படும். பனிமலை, நீல ஏரி, கரையில் ஒரு வேன். உள்ளே கட்டில், அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ். கூரையில் சோலார் பேனல். அக்கம்பக்கத்தில் ஈ காக்கை இல்லை.

அப்படி ஒரு தம்பதியைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் முப்பத்தைந்து வருடம் அனல் மின் நிலையத்தில் ஷிப்ட் பார்த்தவர். "வீடுதானே காலி பண்ணணும்? வீட்டையே வண்டியில வச்சுக்கிட்டு லடாக் வரைக்கும் போய்ட்டு வரலாம்" என்கிறார். அந்த அம்மா முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்கிறார்: "ஏங்க, ஊருக்கே கரன்ட் குடுத்துட்டு, கரன்ட் இல்லாத இடத்துல போய் என்னங்க பண்ணப் போறோம்?"

கேலியாகக் கேட்டதுதான். ஆனால் இந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

கேரவன் என்றால் தமிழ்நாட்டில் உடனே ஞாபகம் வருவது சினிமா ஷூட்டிங். ஹீரோ ஏறி இறங்கும் ஏ.சி வண்டி. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கும் ஊர் சுற்றும் கேரவனுக்கும் உறவு குறைவு. உண்மையில் நம் ஆட்களின் பழைய கேரவன், காசி யாத்திரை பஸ்தான். சமையல் மாஸ்டர், அண்டா குண்டா, சிலிண்டர், அரிசி மூட்டை எல்லாம் கூடவே வரும். வழியில் ஏதாவது ஒரு புளியமர நிழலில் நிறுத்தி, உப்புமா கிண்டி, இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள். படுக்கை மட்டும் சத்திரத்திலோ மடத்திலோ. அந்தப் படுக்கையையும் வண்டிக்குள் கொண்டுவந்தால் அதுதான் ஆர்.வி. கேரளா 2021-ல் 'கேரவன் கேரளா' என்று தனித் திட்டமே அறிவித்தது. ஆனால் மூணாறு, வாகமன் பக்கம் போனால் தண்ணீரும் பிளக் பாயின்ட்டும் கிடைத்துவிடும். கம்பியை விட்டு விலகி, வடக்கே மலைக்கு மேல் போகும்போதுதான் கணக்கு மாறுகிறது.

பழுப்பு நிலக்கரிக் கணக்கு

கேம்பர் வேனில் சாதாரணமாக வைக்கும் லித்தியம் பேட்டரி 12 வோல்ட், 200 ஆம்பியர் ஹவர். பெருக்கினால் சுமார் இரண்டரை யூனிட் வருகிறது. நெய்வேலிக்காரருக்கு இதை வேறு விதமாகச் சொல்லலாம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிய வேண்டும். ஒரு டன் நிலக்கரி எடுக்க ஐந்து கனமீட்டருக்கும் மேல் மண்ணை அள்ள வேண்டும். அப்படியானால் வேனில் இருக்கும் மொத்த மின்சாரம் இரண்டரைக் கிலோ நிலக்கரி. ஒரு கட்டைப்பையில் அடங்கிவிடும். யானை யானையாகச் சக்கர வாளி இயந்திரங்கள் இரவும் பகலும் வெட்டித் தள்ளும் ஊரிலிருந்து கிளம்பி, ஒரு கட்டைப்பை நிலக்கரியை நம்பிக் குடித்தனம் நடத்த வேண்டும்.

வீட்டில் ஒன்றரை டன் ஏ.சி முழு வேகத்தில் ஓடினால் இரண்டு மணி நேரத்தில் அந்த இரண்டரை யூனிட் தீர்ந்துவிடும். 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு ஒரு மணி நேரம் எரிந்தால் இரண்டு யூனிட் போச்சு. கீசரைக் கால் மணி நேரம் போட்டால் அரை யூனிட். ஆகவே இந்த மூன்றும் வேனுக்கு ஆகாது. ஆச்சரியம் என்னவென்றால், மிக்ஸி ஆகும். 750 வாட் மிக்ஸியில் ஐந்து நிமிடம் சட்னி அரைத்தால் 0.06 யூனிட்தான். எல்.இ.டி விளக்கு, போன் சார்ஜர், தண்ணீர் பம்பு எல்லாம் சில்லறைச் செலவு. 12 வோல்ட் ஃபிரிட்ஜ் நாளைக்கு அரை யூனிட் எடுக்கலாம். லடாக் குளிரில் அதுவும் குறையும்.

வரவு? கூரையில் 400 வாட் பேனல் இருந்தால், நல்ல வெயிலில் ஒன்றரை முதல் இரண்டு யூனிட். லடாக் இதில் கொடுத்துவைத்த ஊர். மேகம் குறைவு, காற்றில் தூசி குறைவு. சோலார் பேனலுக்கு வெளிச்சம்தான் வேண்டும், சூடு ஆகாது; குளிர்ந்த பேனல் கூடுதலாகவே மின்சாரம் தரும். மே மாத நெய்வேலி மொட்டை மாடியில் தகிக்கும் பேனலைவிட, அதே வெயிலில் லே நகரத்துப் பேனல் நன்றாக வேலை செய்யும். ஒரே ஒரு சிக்கல். லித்தியம் பேட்டரி பூஜ்ய டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் கெட்டுப்போகும். காலை ஆறு மணிக்கு வெயில் வந்துவிடும், பேட்டரி இன்னும் உறைந்து கிடக்கும். அதனால் பேட்டரியை வண்டிக்கு வெளிப்பக்கம் தொங்கவிடாமல், கட்டிலுக்கு அடியில், மனிதர்கள் தூங்கும் சூட்டிலேயே வைக்க வேண்டும்.

இதில் சுவையான விஷயம் ஒன்று உண்டு. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தென்னிந்திய மின் தொகுப்பு மற்றப் பகுதிகளோடு இணைந்தது. 2019 பிப்ரவரியில் ஸ்ரீநகர்–லே லைன் திறக்கப்பட்டு லடாக்கும் அதே தொகுப்புக்குள் வந்தது. ஆக, லே நகரத்து ஹோட்டல் அறையில் பிளக் சொருகினால் அது நெய்வேலி டர்பைனோடு சேர்ந்து ஒரே 50 ஹெர்ட்ஸ் தாளத்தில் ஓடும் கம்பி. நம் தம்பதி மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் வண்டி ஓட்டிப் போனாலும், லே வரை அவர் பார்த்த வேலையின் எல்லைக்குள்தான் இருப்பார்கள். அதைத் தாண்டி சாங்தாங் பீடபூமிக்குள் நுழையும்போதுதான் கம்பி விட்டுப்போகும்.

நெய்வேலிக் கம்பெனிக்கே இந்தக் கணக்கு பழக்கம்தான். அந்தமான் தீவுகளுக்கு நாட்டின் மின் தொகுப்பிலிருந்து கம்பி கிடையாது. அங்கே 20 மெகாவாட் சோலார் நிலையத்தை, 8 மெகாவாட் ஹவர் பேட்டரியோடு என்.எல்.சி அமைத்தது 2020-ல். 1962-ல் ஓடத் தொடங்கிய நெய்வேலி முதல் அனல் மின் நிலையம் நிறுத்தப்பட்டதும் அதே 2020-ல்தான்.

மூச்சுக் கணக்கு

மின்சாரத்தைச் சமாளித்துவிடலாம். யூடியூப் வீடியோக்கள் சொல்லாமல் தாண்டிப் போவது வேறொன்றை. வேனில் படுக்கை இருப்பதால் எங்கே வேண்டுமானாலும் தூங்கலாம் என்பது ஆர்.வி-யின் பெருமை. மலையில் அந்தப் பெருமையே ஆபத்து.

மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரம். அங்கிருந்து அடல் சுரங்கப்பாதை வழியாக லே போகும் சாலையில் சர்ச்சு என்ற சமவெளி வருகிறது. அழகான இடம். ஆற்றங்கரை, புல்வெளி, வேனை நிறுத்தத் தோதான நிலம். உயரம் சுமார் 4,290 மீட்டர். காலையில் மணாலியில் காப்பி குடித்தவர் இரவு சர்ச்சுவில் படுத்தால், ஒரே நாளில் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏறிவிட்டார் என்று அர்த்தம். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது மலை மருத்துவர்களின் பொது விதி. சர்ச்சுவில் காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் ஆறு பங்கு என்றால் பத்துக்கு ஆறு. தலைவலி, வாந்தி, தூக்கமின்மையில் தொடங்கும். சிலருக்கு நுரையீரலில் நீர் கோக்கும். இளைஞர், முதியவர் என்று அது பார்ப்பதில்லை. ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைப் பார்க்காமல் டிக்கெட்கூடப் போடக் கூடாது.

"ஆக்சிஜன் மெஷின் ஒண்ணு வாங்கி வச்சுக்கிட்டா போச்சு" என்பார் நம் ஷிப்ட்காரர். அங்கேதான் அவருடைய கணக்கே அவரை மடக்கும். ஐந்து லிட்டர் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் ஏறத்தாழ 350 வாட் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு 2.8 யூனிட். பேட்டரியில் இருப்பதே இரண்டரை. விடிவதற்கு முன்பே மெஷின் நின்றுவிடும், விளக்கும் சேர்ந்து அணையும். மலை நோய்க்கு நம்பகமான மருந்து வண்டியைத் திருப்பிக் கீழே இறங்குவதுதான். இருட்டு, ஒற்றைப் பாதை, மூச்சு வாங்கும் டிரைவர் என்றால் அதுவும் சுலபம் இல்லை.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் போகும்போது ஸ்ரீநகர் வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர், கார்கில் சுமார் 2,700, லே 3,500. நடுவில் ஜோஜி லா, ஃபோட்டு லா என்று உயரமான கணவாய்கள் வரும். பகலில் ஏறி இறங்கிவிடலாம், இரவில் தாழ்ந்த இடத்தில் தூங்கலாம். உடம்பு பழகிய பிறகு, திரும்பும்போது மணாலிப் பக்கம் இறங்கலாம். ஒரு வாரம் கூடுதலாகும். ரிட்டையர் ஆனவருக்கு ஒரு வாரம் என்ன பெரிய காரியம்?

அடுத்தது குளிர். செப்டம்பரிலேயே அந்த உயரத்தில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும். கம்பளி போதவில்லை என்று தோன்றும்போது கைக்கு எட்டும் தூரத்தில் கேஸ் அடுப்பு இருக்கும். ஜன்னலை மூடிக்கொண்டு அடுப்பை எரியவிட்டுத் தூங்கலாம் என்று தோன்றும். அல்லது யாராவது கரி அடுப்பு கொடுப்பார்கள். இரண்டுமே கூடாது. மூடிய இடத்தில் எரியும் தீ கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். வாசனை கிடையாது, புகை தெரியாது, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலமும் அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கிய குடும்பங்களின் செய்தி வருகிறது. வேன் என்பது அந்த அறையைவிடச் சின்ன பெட்டி. வெளிக்காற்றை இழுத்து வெளியிலேயே புகை விடும் டீசல் ஹீட்டர், அதோடு ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம். சொகுசு என்று நினைத்து அலாரத்தை விடக் கூடாது. ஃபிரிட்ஜை விட்டாலும் பரவாயில்லை.

எரிபொருளுக்கும் குளிர் பிடிக்கும். கேஸ் சிலிண்டரில் உள்ள பியூட்டேன் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே போனாலே ஆவியாக மறுக்கும். சிலிண்டர் கனமாக இருக்கும், அடுப்பு எரியாது. குளிர்காலத்தில் சாதாரண டீசல் கெட்டியாகிவிடும் என்பதால்தான், மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் தனி டீசலை 2019-ல் இந்தியன் ஆயில் லடாக்கில் அறிமுகம் செய்தது.

மணாலி–லே சாலையில் தண்டி என்ற இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க். 'அடுத்த பங்க் 365 கி.மீ' என்று அங்கே வைத்த பலகையோடு படம் எடுத்துக்கொள்ளாத பயணி குறைவு. கனடாவின் வட கோடியில், ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டிப் போகும் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையிலும் இதே கதை. வழி நடுவே பெட்ரோல் கிடைக்கும் ஈகிள் பிளெய்ன்ஸ் இருப்பது 369-வது கிலோமீட்டரில். டொரன்டோவிலிருந்து ஆர்.வி எடுத்து வடக்கே போகிற தமிழருக்கும், நெய்வேலி ஆர்ச் கேட்டிலிருந்து கிளம்புகிற தமிழருக்கும் டேங்கை நிரப்பும்போது ஒரே கவலைதான். நமக்கு உயரம் எதிரி. அவர்களுக்குக் கரடி.

இட்லி வேகுமா?

அந்த அம்மாவின் இலாகாவுக்கு வருவோம். சர்ச்சு உயரத்தில் தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிப்பது கண்ணுக்குத் தெரியும், அரிசி வேகாது. திறந்த பாத்திரத்தில் பருப்பைப் போட்டால் சிலிண்டர்தான் தீரும். குக்கர் கட்டாயம், மூடிய குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால் அங்கேயும் நூறு டிகிரியைத் தாண்டும், விசில் மட்டும் இரண்டு கூட வைக்க வேண்டியிருக்கும். இட்லி கஷ்டம். குளிரில் மாவு புளிக்காது, ஆவியிலும் சூடு போதாது. ரவா தோசை தப்பித்துவிடும். கல்லின் சூட்டுக்கு உயரம் தெரியாது.

தண்ணீர்தான் நெய்வேலிக்காரருக்குப் புரிய நாளாகும். சுரங்கத்துக்கு அடியில் அழுத்தத்தோடு முட்டும் நிலத்தடி நீரை இரவு பகலாகப் பம்பு வைத்து இறைத்தால்தான் நிலக்கரியே வெட்ட முடியும். அப்படிப்பட்ட ஊர். லே நகரத்தில் ஆண்டு மழையே சுமார் 100 மில்லிமீட்டர். நம் பக்கம் ஐப்பசியில் ஒரே நாளில் கொட்டுகிற மழை. வேன் டேங்க் நூறு லிட்டர் என்றால் இரண்டு பேருக்கு மூன்று நாள் ஓட்டலாம். குளியல் கிடையாது, துண்டு நனைத்துத் துடைப்பதுதான். தட்டைச் சப்பாத்தியால் வழித்துவிட்டுக் கழுவினால் பாதித் தண்ணீர் மிச்சம். கழிப்பறைத் தொட்டியை ஓடையில் திறந்துவிடுவது பாவம் என்ற சொல்லுக்குப் பொருத்தமான காரியம். கீழே அதே ஓடையைத்தான் ஊர் குடிக்கிறது. லடாக்கியர்கள் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரே இல்லாத உலர் கழிப்பறை வைத்து, மண் போட்டு மூடி, மக்கியதை வயலுக்கு எருவாக்குகிறார்கள்.

சாங்தாங்கில் சாங்பா மக்கள் பஷ்மினா ஆடுகளை ஓட்டிக்கொண்டு, யாக் எருமை முடியில் நெய்த 'ரெபோ' கூடாரத்தை ஆண்டுக்குப் பல முறை பிரித்து, வேறு புல்வெளியில் போடுகிறார்கள். வேனில் போகிறவர்கள் பத்து நாள் சாகசமாகச் செய்வதை அவர்கள் பிழைப்பாகச் செய்கிறார்கள். அவர்கள் மேய்ச்சல் நிலத்தின் மேல் டயர் ஏற்றாமல் இருப்பது குறைந்தபட்ச மரியாதை. ஏரிக்கரைக்குள் வண்டியை இறக்கி ரீல்ஸ் எடுப்பவர்களுக்கு அபராதம் போடுகிறார்கள், போடட்டும்.

வாங்கலாமா?

பி.எஃப் பணம் கையில் இருக்கும்போது வேன் வாங்கிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். பழைய டிராவலர் வாங்கி உள்ளே தச்சு வேலை செய்து கேரவன் ஆக்குவது இன்று பிரபலம். ஆனால் வாகனத்தின் அடிப்படை அமைப்பைத் தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்திலிருந்து இஷ்டப்படி மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. கேரவன்களுக்கு ஏ.ஐ.எஸ்-124 என்று தனித் தரவிதி இருக்கிறது. ஆர்.சி-யில் பதிவாகாத மாற்றம் என்றால் விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸ் கையை விரிக்கக்கூடும். வெளியூர் வாடகை வண்டியில் லடாக்கைச் சுற்றினால் உள்ளூர் டாக்ஸிக்காரர்கள் எதிர்ப்பார்கள். அது அவர்கள் வயிற்றுப்பாடு. எல்லைப் பகுதி அனுமதி விதிகள் அடிக்கடி மாறுவதால் கிளம்பும் வாரத்தில் நிர்வாகத்தின் தளத்தைப் பார்த்துவிடுவது நல்லது. போன் விஷயமும் இருக்கிறது: வெளிமாநில பிரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு அம்மா போன் எடுக்கவில்லை என்றால் அமெரிக்காவில் இருக்கும் மகள் என்ன பாடுபடுவாள்?

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். வாடகைக்கு ஒரு கேம்பர் வேன் எடுத்து, குவார்ட்டர்ஸ் வாசலிலேயே இரண்டு இரவு நிறுத்தி, வீட்டுக்குள் போகாமல், பிளக் சொருகாமல், நூறு லிட்டர் தண்ணீரில் இருந்து பார்க்க வேண்டும். வட்டத்தில் எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள். பார்க்கட்டும். இரண்டாம் நாள் சாயங்காலம் இருவரும் பேசிக்கொண்டிருந்தால் ஏற்காட்டுக்குப் போகலாம். ஏற்காட்டிலும் பேசிக்கொண்டிருந்தால் லடாக். இந்தச் சோதனையில் பாதிப் பேருக்கு ஆசை தீர்ந்துவிடும், பி.எஃப் பிழைத்துவிடும்.

தேறியவர்கள் லே நகரத்தில் சில நாள் தங்கி, உடம்பு பழகியபின், மெல்ல ஹன்லே வரை போகலாம். பெங்களூருவின் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் அங்கே 4,500 மீட்டர் உயரத்தில் தொலைநோக்கி வைத்திருக்கிறது; நம் ஜவ்வாது மலைக் காவலூரில் வானாய்வகம் நடத்துவதும் அதே நிறுவனம்தான். ஹன்லே பகுதி 2022-ல் இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இரவில் ஹை பீம் போடக் கூடாது, ஜன்னலுக்குத் திரை போட வேண்டும். வெளிச்சத்தை உற்பத்தி செய்து ஓய்வு பெற்றவர், வெளிச்சம் வரக் கூடாது என்று சட்டம் உள்ள ஊரில் வண்டியை நிறுத்துகிறார்.

சுரங்கத்து விளக்குகளின் மஞ்சள் மூட்டத்தையே முப்பத்தைந்து வருடம் வானமாகப் பார்த்தவர்கள் அவர்கள். இரண்டு கம்பளிக்குள் உட்கார்ந்து, கண்ணாடி வழியாகப் பால்வீதியைப் பார்க்கிறார்கள்.

"ஏங்க, சார்ஜ் எவ்வளவு இருக்கு?"

"முக்கால் யூனிட் செலவாயிருக்கு. காலைல வெயில் வந்தா ஏறிடும்."

"இப்ப நம்மூர்ல யாரு ஷிப்ட்டோ?"

அவர் பதில் சொல்வதற்குள், பேட்டரி மீட்டரில் எரியும் அந்தச் சின்னப் பச்சை விளக்கின் மேல் துண்டைப் போட்டு மூடிவிடுகிறார் அந்த அம்மா.